பின்சீட்டில் வேதநாயகி

வானவடியில் உள்ள வீட்டில் நஸ்ரினின் அப்பா முப்பது வருடங்களுக்கு முன் கட்டைமேல் ஏற்றிப் போர்த்தி வைத்த ஃபியட் கார், துளித் துருவில்லாமல் கிடைத்தது. புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகப் போனாள் நஸ்ரின். பக்கத்து வீட்டு வேதநாயகி பாய்ந்து தடுத்தாள். ராணுவ வண்டிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள்.

“தொட்டே, கையை ஒடிச்சிருவேன்! காய்ஞ்ச இன்ஜினைச் சுத்தினா உள்ளே கீறிடும்.”

இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டு நான்கு நாள் ஊறவைத்தாள். பிறகு கையாலேயே இன்ஜினைச் சுற்றிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதன் பிறகுதான் சாவி. வண்டி உறுமியதும் தெருவே கைதட்டியது.

“அக்கா, முதல்ல நீங்க ஓட்டுங்க.”

“எனக்கு எங்கே ஓட்டத் தெரியும்? லாரி லாரியா சரிபண்ணி அனுப்பினேன். ஓட்டிட்டுப் போனதெல்லாம் வேற ஆளுங்க.”

நஸ்ரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள். வேதநாயகி ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ம், எடு வண்டியை.”