விளக்கைத் தூக்கிக் காட்டியவன்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓர் அரிக்கேன் விளக்கு இருக்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் அதன் கண்ணாடியைத் துடைத்து, திரியை நேராக வெட்டி, எங்காவது கொஞ்சம் மண்ணெண்ணெய் தேடிப்பிடித்து ஊற்றி வைப்பது என் வேலை. அதை எடுத்துக்கொண்டு வெளியே போவது என் தம்பியின் வேலை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. புயல் மழை என்றால் முதலில் கரண்ட் போகும். பிறகு தண்ணீர் ஏறும். எந்த இடத்தில் சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்போதெல்லாம் தம்பி தெருமுனையில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களை வீடு சேர்ப்பான். முன்பெல்லாம் விளக்கைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருப்பான். நிற்பது யார் என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. "தோ, நம்ப மாமு நிக்கிது" என்று யாராவது சொல்வார்கள். அதன் பிறகு யாரும் பயப்பட மாட்டார்கள்.

அந்த முகம் எப்படிப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். தவழும் வயதில் பம்ப் ஸ்டவ் வெடித்து அவன் முகத்தின் இடப்பக்கம் வெந்துபோனது. தோல் இழுத்துக்கொண்டு, கீழிமை தொங்கி, உதட்டின் ஓரம் மூடாமலே நின்றுவிட்டது. வளர்ந்து சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்குப் போனான். தெருவுக்கு அந்த முகம் பழகிவிட்டது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவன் மடியில் ஏறி உட்கார்ந்து தழும்பின் மேல் விரல் வைத்து, "இது இன்னா மாமா?" என்பாள். "இது எண்ணூரு. அப்டியே கீழ வா, திருவொத்தியூரு. தாடைக்கு வந்துட்டியா, ராயபுரம். எறங்கு எறங்கு, டிக்கெட்டு எடுத்தியா நீ?" என்பான். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி எண்ணூரிலிருந்து தொடங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் போட்டால் நானும் அவனும் சேர்ந்துதான் பார்ப்போம். மழையில் நனைந்து வரும் கதாநாயகிக்கு பங்களாக் கதவைத் திறப்பவன் எப்போதும் ஒரு கூனனாகவோ, ஒற்றைக் கண்ணனாகவோ, முகம் வெந்தவனாகவோ இருப்பான். அவன் எதுவும் செய்திருக்க மாட்டான், கதவைத்தான் திறந்திருப்பான். அவள் அலறுவாள். கடைசி ரீலில் பார்த்தால் கொலைகாரன் பங்களாவின் சொந்தக்காரன், பட்டு அங்கி போட்ட அழகன். ஆனாலும் படம் முழுக்க நம்மை மிரளவைத்தது அந்த வேலைக்காரனின் முகந்தான். தம்பி கூன் போட்டு நடந்து காட்டி, "வாங்கம்மா, ரூம்பு ரெடியா கீது" என்பான். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அந்தப் படங்கள் எங்களை நோக்கித்தான் பேசிக்கொண்டிருந்தன என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. கரண்ட் போன ஒரு மாலையில் நடிகையும் ஆட்களும் தண்ணீரில் வழி தெரியாமல் நின்றபோது தம்பிதான் விளக்கோடு போய் அழைத்து வந்தான். மறுநாளே உதவி இயக்குநர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன். என்னை அக்கா என்று கூப்பிட்டு, நான் வைத்த மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "நேத்து செஞ்சதையேதான் அண்ணன் படத்துலயும் செய்யப் போறாருக்கா. வழி தப்புன பொண்ணுக்கு வெளக்கக் காட்டி வெளிய கூட்டிட்டு வர்ற வாட்ச்மேன். நல்ல வேஷம்" என்றார். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலேயே இரவாக்கி எடுத்தார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். தம்பி விளக்கை முகத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கையை நீட்டி, "வாம்மா, இந்தப் பக்கம்" என்றான். மேக்கப் எதுவும் போடவில்லை. எங்கள் தெருமுனையில் நிற்பதைப் போலவே நின்றான்.

படம் வெளியானபோது தெருப் பையன்கள் தியேட்டர் வாசலில் அவனுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'எங்கள் தெருவின் நட்சத்திரமே' என்று போட்டு, அவன் சிரிக்கும் படம். இரண்டு வாரத்தில் என் மகளுக்குக் காது குத்து. அதற்குத் தாய்மாமன் சீர் சாமான்களைக் கடையில் வாங்கிய கையோடு அவனும் புதுச்சட்டையில் படத்துக்கு வந்தான். மகளையும் தூக்கிக்கொண்டு போனோம். மாமனைத் திரையில் பார்க்கட்டும் என்றுதான்.

இடைவேளைக்கு முன் வந்தான். இருட்டில் விளக்கு உயர்ந்தது, அவன் முகம் திரையளவு வந்தது, காது கிழியும் சத்தத்தோடு இசை. அவன் சொன்ன வார்த்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். நீட்டிய கை மட்டும் இருந்தது. நடிகை அலறினாள், தியேட்டரும் அலறியது, அடுத்த காட்சியில் அவள் செத்துக் கிடந்தாள். என் மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன்வரிசையில் விசிலடிக்கக் காத்திருந்த எங்கள் பையன்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே உதவி இயக்குநர் நின்றிருந்தார். தம்பி கோபமாகக்கூடப் பேசவில்லை. "நா இன்னா சார் பண்ணேன்? வெளக்குதானே காட்னேன்?" என்று கேட்டான். "எடிட்டிங்ல அப்டி மாறிடுச்சுண்ணே. ஆனா பாத்தீங்களா, தியேட்டரே அலறுச்சு. இந்தப் படத்துல உங்களுக்குத்தான் பேரு" என்று அவர் கை கொடுத்தார். மேக்கப் போடாமல் எடுத்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோதும் தெரியும். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஃப்ளெக்ஸை யாரோ சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள்.

காது குத்தன்று தம்பி சீர்த்தட்டை வைத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கி, மணையில் உட்கார்ந்து மடியைத் தட்டினான். ஆசாரி கம்பியோடு தயாராக இருந்தார். மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "வாணாம்! மாமா வாணாம்! மாமா லைட்ட தூக்கும்!" பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சமாதானம் சொன்னார்கள். அவள் நீலம் பாரித்து அழுதாள். "வுடுக்கா, கொயந்தய பேஜார் பண்ணாத" என்று தம்பி எழுந்துகொண்டான். என் கணவரின் அண்ணன் மடியில் வைத்துக் குத்தினோம். தாய்மாமன் இருக்கும்போதே வேறு மடி. தம்பி பந்தல் காலோரம் நின்று, வந்தவர்களுக்குக் கலர் பாட்டில் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு எண்ணூரும் ராயபுரமும் அவர்கள் விளையாட்டில் வரவில்லை. பயம் ஒரு வருடத்தில் போய்விட்டது, மகள் அவனோடு நன்றாகவே பழகினாள். ஆனால் அவன் மடியைத் தட்டி அவளைக் கூப்பிட்டதே இல்லை. பேய்ப்படம் வந்தால் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவான்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். சென்ற மழையில் கரண்ட் போன மாலை, பஸ் இறங்கி முனையில் நிற்பதாகப் போன் செய்தாள். தம்பி விளக்கை எடுத்துக்கொண்டு போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீரின் மேல் ஒரு வெளிச்சம் மட்டும் போனது. அவன் விளக்கை முழங்கால் உயரத்தில் பிடித்திருந்தான். அந்தப் படத்துக்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். முனையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "மாமா, நீயா? வெளக்க மேல தூக்கேன், மூஞ்சே தெரில."

வெளிச்சம் அங்கேயேதான் இருந்தது.

"பள்ளம் கீது" என்றான் தம்பி. "கீழ பாத்து வா."