ஏரோப்ளேன் சாமியிடம் நம்பர் கேட்ட கதை

விழுந்த விமானத்தைத் தேடிப் போகிறவன், அது விழுந்த இடத்தில் இருக்கும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். அது ஊரில் ஆளுக்கொரு வீட்டில் இருக்கும்.

சேலத்தில் மூன்று தலைமுறையாக எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. அத்தா காலத்தில் எந்த உலோகம் வந்தாலும் உடைத்து உருக்கப் போய்விடும். என் காலத்தில் விமானத் துண்டு என்று தெரிந்தால் மட்டும் தனியே எடுத்து வைப்பேன். எந்த ஊரில் கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று அட்டை எழுதிக் கட்டி, கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பழைய பொருள் சேர்த்து வீட்டில் பேச்சு வாங்கும் அன்பர்களுக்கு என் பாடு தெரியும். நீங்கள் சேர்ப்பது தபால்தலையும் ரேடியோவுமாக இருக்கலாம், நான் சேர்ப்பது இறக்கை. "கட்டிலுக்கு அடியில வால் வந்துச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

மண்டிக்காரரின் காகிதம்

வாழப்பாடியில் தக்காளி மண்டி வைத்திருந்த தங்கவேல் ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். வயது எண்பதைத் தாண்டியவர். மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். அவருடைய அப்பா உலகப்போர் நேரத்தில் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ரிப்பேர் பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்க விமானியோடு ஏறிப் போயிருக்கிறார். விமானத்தோடு காணவில்லை என்று அந்தக் காகிதம் சொன்னது. தங்கவேல் அப்போது வயிற்றுப் பிள்ளை. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ஆள் பம்பாய்க்கு ஓடிப்போய் வேறு குடும்பம் நடத்துகிறான் என்றார்கள். அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, திதியும் கொடுக்க விடவில்லை.

தேடிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். எனக்கு அப்படிப் பட்டென்று வாக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு, பெரும்பாலும் காப்பாற்றியும் விடுவேன். பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகம் ஒன்றுக்கு விடாமல் எழுதி, அந்த விமானத்தின் எஞ்சின் நம்பரையும் ப்ரொப்பெல்லர் நம்பரையும் வாங்கினேன். எழுதுவதாகச் சொன்ன அன்றைக்கே தங்கவேல் வாசலில் நின்று சொன்னது இது: "காணோம்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க பாய். செத்துட்டார்னு எழுதியிருந்தா எங்கம்மா ஒரு நாள் அழுது முடிச்சிருப்பாங்க."

எருமையோடு பாகப்பிரிவினை

ஜேடர்பாளையம் பக்கமிருந்து வந்த பழைய அலுமினியச் சுமையில், வரிசையாக ரிவெட் அடித்த தகடு ஒன்று இருந்தது. லாரிக்கோ பஸ்ஸுக்கோ அவ்வளவு நெருக்கமாக ரிவெட் அடிக்கமாட்டார்கள். சுமை கொண்டுவந்தவரை விசாரித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். ராமசாமி என்ற விவசாயியின் கட்டுத்தரையில் எருமை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்த தொட்டி ஒரு விமானப் பெட்ரோல் டேங்கின் பாதி.

"எங்கய்யன் அறுத்துப் போட்டதுங்க. மழைக்காலத்துல எங்க சோளக்காட்டுல உழுந்துச்சாமா. போலீசு வந்தா ஊரையே இழுத்துட்டுப் போயிருவாங்கன்னு, கெடைச்சதை எடுத்து மறைச்சுட்டு ஆரும் வாயே தொறக்கலீங்க" என்றார் ராமசாமி. புதிதாக ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு டேங்கை ஏற்றினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. எருமை நீலத் தொட்டியில் வாய் வைக்கவில்லையாம். டேங்கோடு திரும்பிப் போனேன். ராமசாமி யோசித்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய், கோழி அடைத்து வைத்திருந்த மறுபாதி டேங்கை உருட்டிக்கொண்டு வந்தார். "ஏனுங்க பாய், எருமைக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க."

நாமக்கல்லில் சொல்லக்கூடாத வார்த்தை

டேங்கில் நம்பர் இல்லை. ஆனால் ராமசாமி இன்னொன்றைக் காட்டினார். வாய்க்காலைத் தாண்டுவதற்கு ஊர்க்காரர்கள் போட்டிருந்த பாலம் ப்ரொப்பெல்லரின் ஒரு இறக்கை. அதன் அடிப்பகுதியில் நம்பர் வெட்டியிருப்பார்கள். மண் ஏறிக் கெட்டித்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும். வாய்க்காலுக்கு வேறு பலகை போட்டுக் கொடுத்துவிட்டு, இறக்கையை நிறுத்த இரும்பு ஸ்டாண்டு ஒன்று செய்ய வேண்டியிருந்ததால் நேரே நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறைக்கு அனுப்பி, "கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்க" என்று போனில் சொல்லிவிட்டேன்.

லாரிப் பட்டறையில் போய் யாராவது சுத்தம் என்ற வார்த்தையைச் சொல்வார்களா? நான் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போனால், இறக்கையை கிரைண்டரால் வெள்ளையாக இழைத்து, பட்டி பார்த்து, பச்சையும் மஞ்சளும் அடித்து, நடுவில் தாமரை வரைந்து, முனையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி நிறுத்தியிருந்தார்கள். வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. நம்பர் இருந்த இடம் கண்ணாடியாக மின்னியது. தங்கவேலின் அப்பாவை என் கையாலேயே இரண்டாம் தடவை காணாமல் போக்கிவிட்டேன் என்று தோன்றியது. பெயிண்டர் செல்வம் என் முகத்தைப் பார்த்துவிட்டு பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். "நம்பர் தானுங்க பாய்? என்ன நம்பருன்னு சொல்லுங்க, ஷேடு போட்டு அழகா எழுதித் தாரேன்."

பூசாரி கொடுத்தும் சாமி கொடுக்கவில்லை

இனி எஞ்சின் ஒன்றுதான் கதி. எஞ்சின் எங்கே என்று கேட்டபோதெல்லாம் ராமசாமி பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார். இறக்கைக்கு நேர்ந்ததைச் சொல்லிப் புலம்பியதும், மனது இளகிக் கூட்டிப் போனார். ஊர்க் கோடியில் வேப்பமரத்தடியில், சிலிண்டர்கள் சுற்றிலும் சூரியகாந்திப் பூப்போல விரிந்து, மஞ்சளும் எண்ணெயும் பூசி, மாலை போட்டு எஞ்சின் உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது ஏரோப்ளேன் சாமி. விமானத்தில் வந்தவர்களை அங்கேதான் புதைத்திருந்தார்கள். ஆயுசு முடியாமல் இப்படிச் சாகிறவர்களைச் சும்மா விட்டுவிட்டால் ஊருக்கு ஆகாதாம்.

பூசாரி ஆறுமுகம் வருஷம் முழுக்க லாரி ஓட்டுகிறவர், பூஜைக்கு மட்டும் லீவு போட்டு வருவார். தங்கவேலின் கதையைக் கேட்டதும் எஞ்சினைக் கொடுக்கவே சம்மதித்துவிட்டார். இருந்தாலும் வருஷப் பூஜையன்று சாமியைக் கேட்டாக வேண்டும் என்றார், நான் அன்றைக்குக் கிரேனோடு லாரியே கொண்டுபோய்விட்டேன். அங்கே கேட்பது எப்படியென்றால், கிடாய் மேல் தண்ணீர் தெளித்துக் கேள்வியைச் சொல்வார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால், அவர்கள் பாஷையில் துலுக்கினால், சரி என்று அர்த்தம். மேச்சேரிக் கிடாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எஞ்சினைச் சேலத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டுத் தண்ணீர் தெளித்தார் ஆறுமுகம். கிடாய் சிலை மாதிரி நின்றது. மூன்று தடவை கேட்டும் அப்படியேதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள், எனக்குத் தலைகீழாக வாய்த்தது. "நம்பரை மட்டும் பாத்துக்கறேன்னு கேளுங்க" என்று கெஞ்சினேன். தண்ணீர் விழுந்ததும் கிடாய் தலையிலிருந்து வால் வரை துலுக்கியது. ஆறுமுகம் சொம்பைக் கீழே வைத்தார். "சாமி தெளிவாச் சொல்லிருச்சுங்க பாய். ஆர்சி புக்கப் பாத்துக்கலாம், வண்டிய எடுக்கக் கூடாது."

இரண்டு இலை

இரும்பு படக்கூடாது என்றார்கள். வெந்நீரும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்பது வருஷத்து மஞ்சளும் எண்ணெயும் அடைபோல் ஒட்டியிருந்தது. அடைக்குக் கீழே நம்பர் தகட்டில் துருவே பிடிக்கவில்லை. என் கொட்டகையில் கூட எந்தப் பொருளையும் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சட்டைப்பையில் இருந்த நம்பர் காகிதத்தை எடுக்கத் தேவைப்படவில்லை, எனக்கு மனப்பாடம். கடைசி எண்ணும் சரியாக இருந்ததும், வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்றைக்குப் படையலில் இரண்டு இலை போட்டிருந்தார்கள். ஒன்றில் பன், அவித்த முட்டை, ஒரு சிகரெட். இன்னொன்றில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஏன் இரண்டு என்று ராமசாமியைக் கேட்டேன். "ஒருத்தரு வெள்ளைக்காரருங்க. இன்னொருத்தரு இடுப்புல அரணாக்கயிறு இருந்துச்சாமா. அவுரு நம்மாளுங்க, பன்னு போட்டா எப்படி எறங்கும்?"

வாழப்பாடியிலிருந்து வந்தவர்

மறுநாள் காலையில் தங்கவேல் மகளோடு காரில் வந்து இறங்கினார். நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். எந்த இலை எந்தப் பக்கம் போடுவீர்கள் என்று ஆறுமுகத்தைக் கேட்டு, களி வைக்கும் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார். பம்பாய்க்கு ஓடிப்போனவர் என்று எண்பது வருஷமாகச் சொல்லப்பட்ட மனிதர், வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருந்திருக்கிறார். ராமசாமி தன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். தங்கவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "பெத்த புள்ளை நான், ஒரு தடவை கூட இவருக்கு இலை போட்டதில்ல. யாருன்னே தெரியாம நீங்க வருஷா வருஷம் சோறு போட்டிருக்கீங்க. அடுத்த வருஷம் களி மட்டும் எங்க வீட்டுலேர்ந்து வரட்டும்."

எஞ்சினைத் தூக்கக் கிரேனோடு லாரி கொண்டுபோய், எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டு, ஒருவருக்கு அவர் அப்பாவை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வண்டியோடு நிம்மதியாக வீடு திரும்பிய பழைய இரும்புக்காரன் சேலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.