செப்பு வாசரும் அந்தோணியார் கோழியும்

டீசல் வாடை என் கையை விட்டுப் போனதே இல்லை. எந்தச் சோப்புக்கும் அது மசியாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் லேசாக ஜீப் வாசம் அடிக்கும். அந்த வாடையின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: பதிமூன்று வயதில், ஒற்றை ஆளாக, ஜீப் இஞ்சினின் நாலு நாசிலையும் கழற்றி மாட்டியவன் ராயப்பன்பட்டியிலேயே நான் ஒருவன்தான். பொய். கழற்றியது மட்டும்தான் நான்.

நாசில் என்பது விரல் நீள இரும்புக் குழாய். பம்பிலிருந்து வரும் டீசலைப் பனிபோலச் சிதறடித்து இஞ்சினுக்குள் பீய்ச்சும். அது உட்காரும் குழியின் அடியில் சின்ன மோதிரம் போல ஒரு செப்பு வாசர் கிடக்கும். இஞ்சினின் மூச்சு வெளியே போகாமல் அடைப்பது அதுதான். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்துவிட்டதால் இப்போது இப்படி விளக்குகிறேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதுதான். அதுவும் இரண்டாவது முயற்சியில். ஏழாம் வகுப்பை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதை இன்று வரை இரண்டு தரப்பும் பேசித் தீர்க்கவில்லை.

அப்பா ஜீப் ஓட்டினார். விடியலில் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் மெட்டு மலையேறி, அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்குவார். காய் எடுக்கும் பருவத்தில் ஒருநாள் வண்டி வராவிட்டால் தோட்டத்துக்காரர் வேறு ஜீப்பைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த வாரம் ஜீப் கரும்புகையாகக் கக்கியது. "திங்கக்கெழம நடை முடிச்சு, கம்பத்துல பம்புக் கடையில நாசிலைக் காட்டணும்" என்றார் அப்பா. வீட்டில் நான் இருக்கும்போது கம்பம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன். அப்பாவும் அம்மாவும் பூசைக்குப் போனார்கள்; கூடவே வலியும் போய்விட்டது. டீசல் பைப்புகளை அவிழ்த்து, நாசில்களை ஒவ்வொன்றாக உருவி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, அம்மா அரிசி புடைக்கும் "சொளகில்" வரிசையாகப் படுக்க வைத்து, அடியில் ஒட்டிக்கொண்டு வந்த வாசர்களைப் பக்கத்தில் அடுக்கி எண்ணினேன். நாசில் நாலு, வாசர் மூன்று. கணக்கில் நான் மோசம் என்ற நம்பிக்கையோடு மறுபடி எண்ணினேன். மூன்றேதான்.

சொளகின் ஓரத்தில் அம்மாவின் கருப்புக் கோழி தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தது. அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட கோழி.

"கோழி முழுங்கிருச்சுப்பா" என்றேன், பூசை முடிந்து வந்த அப்பாவிடம்.

"ஏலே, நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. லபக்குன்னு."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரே அந்தோணியாருதான். அவரு கோழியே களவாண்டா நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?"

"விடியக்காலம் தோட்டத்துக்குப் போக ஆரோக்கியமெல்லாம் கோயில் முக்குல வந்து நிப்பாக. வாசர் இல்லாம வண்டியத் தள்ளிக்கிட்டா போக?" என்றார் அப்பா.

அம்மா கோழியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், அந்தோணியாருக்கு வேறு கோழி தருவதாக வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அரிவாள்மணையை எடுத்தார். இரைப்பையைக் கீறினால் பொடிக்கல்லும் ஒரு வளையல் துண்டும் கிடந்தன. வாசர் இல்லை. "முட்டையோட போயிருக்கும்" என்றேன். குழம்பு நன்றாக இருந்தது. அழுதுகொண்டே மூன்று துண்டு தின்றேன். நாலாவது துண்டை அம்மா வைக்கவில்லை.

அப்பா ஓட்டைச் செப்புக் குடத்தின் விளிம்பில் ஒரு வளையம் வெட்டினார். அதையும் மற்ற மூன்றையும் அடுப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டார். அப்படிச் செய்தால் செம்பு மெத்தென்று ஆகி நன்றாகப் படியும். எல்லாவற்றையும் மாட்டி, பைப் நட்டுகளைத் தளர்த்தி, டீசல் குமிழி இல்லாமல் வரும் வரைக்கும் காற்றை எடுத்து முடுக்கினார். வண்டி உறுமியது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அப்பா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். மலையில் முதல் வளைவிலேயே "புஸ்ஸு புஸ்ஸு" என்று சத்தம் வந்தது. மூன்றாவது வளைவில் நாலாவது நாசிலைச் சுற்றிப் புகை, வண்டி இழுக்கவில்லை. செங்குத்தான இடங்களில் பெண்கள் இறங்கி நடந்தார்கள். ஆரோக்கியம் அக்கா எனக்குக் கேட்கும்படியே கத்தினார்: "ஏலே மெக்கானிக்கு, அந்தக் கோழி இஞ்சினுக்குள்ள ஒக்காந்து இன்னும் கொக்கரிக்குதுடா!" தோட்டத்தில் கங்காணி பேர் கூப்பிட ஆரம்பிக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். வேறு ஜீப்புக்குப் போகாமல் நடை தப்பியது.

திரும்பும் வழியில் கம்பத்தில் பம்புக் கடைக்காரர் நாலாவது நாசிலை உருவி, வளைந்த கம்பியைக் குழிக்குள் விட்டு நிமிண்டினார். அப்பா வெட்டிய வளையம் வந்தது. பின்னாலேயே, கரி பிடித்த இன்னொன்றும் வந்தது. குழியின் அடியில் ஒட்டிக்கொண்டு அது அங்கேயே இருந்திருக்கிறது. அதன் மேல் இன்னொன்றைப் போட்டதால்தான் நாசில் சரியாக உட்காரவில்லை.

"ஒரு குழிக்கு ரெண்டு வாசரா? யாருண்ணே பாத்த வேல?"

"கோழி பாத்த வேல" என்றார் அப்பா. ஜீப்பில் ஏறிய பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அடுத்து அறுபடுறது நீதான். மூச்சு விடாத."

விடவில்லை. அந்த ஜீப்பும் போய்விட்டது, பம்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரைச் செருகி, என்ன நோவு என்று காரிடமே கேட்டுவிட்டுத்தான் நாசிலில் கை வைக்கிறேன். வைத்தால் முதல் வேலையாகக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அப்பாவும் இல்லை. உண்மை தெரிந்தவன் ராயப்பன்பட்டியிலேயே நான் ஒருவன்தான், இது பொய்யில்லை. அம்மா வருடம் தவறாமல் அந்தோணியார் கோயிலுக்கு ஒரு கோழியைக் கொண்டுபோய், அந்தக் "களவாணிக் கோழி"க்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார். இந்த வருடமாவது போவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாக வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். இன்றைக்கு எப்படியும்...

"ஏலே! வாசல்ல கழட்டிப் போட்ட சாமானையெல்லாம் வந்து அள்ளுடா! கோழியத் தொறந்து விடணும். ஒண்ணு முழுங்குனது பத்தாதா?"

இதோ வர்றேம்மா.