பச்சைக் கிளையில் கட்டிய பாவு

நாற்காலிப் பட்டறையில் அவளுக்கு நூல்கண்டு என்று பெயர். பிடித்து இழுத்தால்தான் வாயிலிருந்து வார்த்தை வருமாம். பதினெட்டு வருடமாக அங்கே இருக்கைகளுக்கு உறை தைக்கிறாள்.

வீட்டில் செய்வது வேறு. இரண்டு கையாகப் பிரிந்த மரக்கிளையைச் சுவரில் சாய்த்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு வரிசையாகப் பாவு நூலைக் கட்டி, குறுக்கே விரலால் கோத்து நெய்வாள். கிளை வளைகிறபடி துணியும் உள்வாங்கும், புடைக்கும். யாரும் கேட்டு அவள் செய்ததில்லை. முதல்முறையாக ஊர் நூலகர் கேட்டார், நூலக வாசல் சுவருக்கு ஆள் உயரத்தில் ஒன்று.

தச்சரான கணவர் கொல்லையில் ஒரு கிளையைக் காயப் போட்டிருந்தார். பச்சைப் பட்டையின் வழவழப்பு அவளை விடவில்லை. காயுமுன்பே எடுத்துப் பாவு கட்டிவிட்டாள். நான்கு மாதம் நெய்தாள். கிளை காயக் காய, நூலின் இழுப்புக்கு அதன் இரண்டு கைகளும் உள்ளே வளைந்தன. கொடுப்பதற்கு நான்கு நாள் இருக்கையில் பாவு தொய்ந்துவிட்டது.

"என்ன அண்ணி, துணி தொப்பை போட்டிருக்கு?" என்றாள் நாத்தனார்.

"ஒரு வருஷம் காயட்டும்னு சொன்னேனா இல்லையா?" என்றார் கணவர்.

"சொன்னீங்க."

"நடுவுல ஒரு கட்டைய முட்டுக் குடுத்தா விரிஞ்சுக்கும்."

"கிளை தெறிச்சிடும்."

அவர் தடவிப் பார்த்துவிட்டு, "தெறிக்கும்தான்" என்றார்.

இருநூற்று நாற்பது நூல்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து இழுத்துக் கட்டினாள். மூன்று நாள் ஆயிற்று. நாத்தனார் முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பச்சை மரம்னு நூலகர்ட்ட உளறி வைக்காதீங்க அண்ணி. வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாரு."

நூலகத்தில் இரண்டு ஊழியர்கள் அதை மாட்டினார்கள். நூலகர் தள்ளி நின்று பார்த்து, "நல்லா வந்திருக்கும்மா" என்றார். நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளிக் கிளம்பச் சொன்னாள். அவள் நகரவில்லை.

"பச்சை மரம் சார். இன்னும் காயும், மறுபடி தொய்யும். வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

நூலகர் முடிச்சுகளை அண்ணாந்து பார்த்தார். "தொஞ்சா என்ன செய்யணும்?"

"அவுத்து இழுத்துக் கட்டணும். மூணு நாள் வேலை."

"திங்கக்கிழமை எங்களுக்கு லீவு. அன்னைக்கு வந்து கட்டுங்க."

"பட்டறைல லீவு கேக்கணும். மூணு திங்கக்கிழமை ஆகும்."

"ஆகட்டும். ஏணி இங்கயே இருக்கு."

"ஏணி ஆடுமா சார்? முடிச்சு பிடிக்க நானும் ஏறணுமே" என்று கேட்டாள் நாத்தனார்.