பெரிய டிவி யாருக்கு

சிவகாசி வட்டாரத்தில் வீடியோ கேமில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. இது பொய். என் அத்தையே ஜெயித்திருக்கிறாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அத்தை. அதுவரைக்கும் வீட்டு டிவி ரிமோட்டைக்கூட யாரும் அவள் கையில் கொடுத்தது கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், இரண்டாவது வருஷமும் அதிலேயே இருந்தேன். அப்போது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த அத்தையின் வீட்டுக்காரர், பிரஸ் வேலையை விட்டுவிட்டு நாரணாபுரம் ரோட்டில் ஒரு கேம் கடை போட்டிருந்தார். அதற்கு முன்னால் காலண்டர் குடோனாக இருந்த ரூம். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பசை வாடை அடிக்கும். உள்ளே ஒரு பெரிய டிவி, ஒரு சின்ன டிவி. சின்ன டிவியில் எவன் வந்தாலும் முகம் பச்சையாக இருக்கும். அதனால் அதை யாரும் சீந்த மாட்டார்கள்.

பெரிய டிவியில் ஒரு பழைய பெட்டி மாட்டியிருந்தது. அதில் ஆளை ஆள் அடித்துச் சாய்க்கிற ஆட்டம். நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் அந்த ஆட்டத்துக்கு நேர்ந்துவிட்ட கடாக்கள். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எதை அமுக்கினால் எதிராளி பறந்து போய் விழுவான் என்பது தூக்கத்திலும் தெரியும். ஒரே ஒரு உதையைக் கற்றுக்கொள்வதற்காக அரைப் பரீட்சையைக் கைவிட்டவர்கள் நாங்கள். கட்டைவிரலில் காய்ப்பு இருந்தது. எழுதி எழுதி வந்தது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவரும் பள்ளிக்கூடம் போகாதவர், நம்பிவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுப்போம், மூன்று பேரும் இருட்டும்வரை உட்கார்ந்திருப்போம். மாமா "நேரம் ஆச்சுலே" என்பார். "இந்த ஒரு ஆட்டம் மாமா" என்போம். அந்த ஒரு ஆட்டம் முடிவதற்குள் ஒரு கோயில் கொடைத் திருவிழாவையே நடத்தி முடித்துவிடலாம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மாமாவின் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தார். வரும்போது வெள்ளையாக ஒரு மெஷின் கொண்டுவந்து மாமாவிடம் விற்றுவிட்டுப் போனார். அதில் பொத்தானைப் போட்டு அமுக்கவேண்டிய வேலையே இல்லை. குச்சி மாதிரி ஒன்றைப் பிடித்துக் கையை வீசினால் டிவிக்குள் இருக்கிற பொம்மையும் வீசும். பந்தை உருட்டி, தூரத்தில் பாட்டில் மாதிரி நிற்கிற கட்டைகளைச் சாய்க்கலாம். படிக்க வேண்டாம், பழக வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஆடலாம். எங்களுக்கு எரிந்ததே அந்த 'யார் வேண்டுமானாலும்' தான்.

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளை மூடிவிடுவார்கள். புது ஆர்டர் வந்து திறக்கத் தை பிறக்கும். அதுவரை பொம்பளைகளுக்கு வீட்டில்தான் இருப்பு. மாமாவுக்குச் சோறு கொண்டுவந்த அத்தை, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு உருட்டு உருட்டிப் பார்த்தாள். மறுநாள் கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாரமே கடை வாசலில் செருப்புப் போட இடமில்லை.

மாமா எங்கள் பெட்டியைக் கழற்றிச் சின்ன டிவியில் மாட்டினார். பெரிய டிவி வெள்ளை மெஷினுக்குப் போய்விட்டது. பச்சை முகத்தோடு சண்டை போடுவது ஒரு வீரனுக்கு அழகா?

"மாமா, இது நியாயமா? நாங்க எம்புட்டு நாளா வாரோம்!"

"வாரது சரிலே. அவுக ஆடிட்டுக் காசு குடுத்துட்டுப் போறாக. நீங்க ஆடிட்டு, பானைத் தண்ணியையும் குடிச்சிட்டுப் போறீக."

"அதெல்லாம் ஒரு கேமா மாமா? கைய ஆட்டுறதுக்குப் பேரு கேமா? நான் ஆடுனா ஒரே நாள்ல அம்புட்டுப் பேரையும் தோக்கடிச்சிருவேன்."

"அப்ப ஆடு. ஜெயிச்சேன்னா பெரிய டிவி ஒனக்கு. இந்த மெஷினைத் தூக்கிச் சின்னதுல போட்டுருதேன்."

"யாரு கூட ஆடணும்?"

"ஒங்க அத்த கூட."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கும் வந்தது. இரண்டும் ஒரே சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏ, மருமகன் வாராகடி, வழி விடுங்க" என்று ஒருத்தி சொல்ல, பொம்பளைகள் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் வீச்சு எனக்கு. கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவனைப்போல ரூமின் கடைசிக்குப் போய், ஓடிவந்து, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வீசினேன். பந்து ஓரத்து வாய்க்காலில் இறங்கி, யாரையும் தொந்தரவு செய்யாமல் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்து அத்தை. எழுந்தவள் நேராக ஜன்னலுக்குப் போனாள். கம்பியில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்துவிட்டு வந்துதான் குச்சியை வாங்கினாள். கம்பெனியில் மருந்து ரூமுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் பழக்கம்.

"அத்த, இது மருந்து இல்ல, வெறும் பிளாஸ்டிக்கு."

"தெரியும்லே. கை கேக்க மாட்டேங்கு."

வீசினாள் என்று சொல்ல முடியாது. ததும்ப ததும்பத் தண்ணீர் இருக்கிற குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைப்பதுபோலக் கையைக் கொண்டுபோனாள். பந்து சாவகாசமாக நடுவில் உருண்டு போய், அத்தனை கட்டைகளையும் சாய்த்தது. மறுபடி நான் முன்னைவிட வேகமாக வீசினேன். மறுபடி வாய்க்கால்.

"ஏலே, அதுகூட என்ன சண்டை ஒனக்கு? தன்மையாக் கேட்டா விழுந்துட்டுப் போகுது" என்றாள் ஒருத்தி.

"மெதுவா வீசுலே மருமகனே" என்றாள் இன்னொருத்தி. "இம்புட்டு வேகமா நாங்க கைய ஆட்டுனா, மருந்து ரூமுக்குக் கூரை இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தைதான் அதிகமாகச் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்.

எப்படித் தோற்றேன் என்பதை விலாவாரியாகச் சொல்லலாம். ஆனால் எனக்கும் இப்போது பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள். மானம் என்று ஒன்று வேண்டும்.

மார்கழி முழுக்கச் சின்ன டிவிதான். கடையில் எப்போதும் சிரிப்புச் சத்தம், வளையல் சத்தம். எங்களுக்குச் சண்டையில் மனசு நிற்கவில்லை. ஒரே ஒரு நல்லது நடந்தது. எங்கள் பெட்டியின் ஜாய்ஸ்டிக்குகளில் பொத்தான்கள் உள்ளே போனால் வெளியே வராமல் இருந்தன. தட்டி, ஊதி, எச்சில் தொட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். மாமா மதுரைக்குப் போய்ப் புதுசாக இரண்டு வாங்கிவந்தார். எங்கள் ஆட்டத்தின் அருமை அவருக்குப் புரிந்துவிட்டது என்று முடிவுகட்டினோம். எந்தக் காசில் வாங்கினார் என்று மூன்று பேரில் ஒருத்தனும் யோசிக்கவில்லை. கணக்கில் மூன்று பேருமே ஃபெயில்.

புது ஜாய்ஸ்டிக் வந்ததும் ரோஷமும் வந்தது. பொம்பளைகளைக் கிளப்பாமல் விடுவதில்லை என்று சபதம். வெள்ளை மெஷின் குச்சிகளில் இருந்த நல்ல செல்களை உருவிவிட்டு, எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் தின்று தீர்த்த பழசுகளைப் போட்டு வைத்தேன்.

"அண்ணே, இது படுத்துருச்சு" என்றாள் ஒருத்தி.

"கெடக்கட்டும், எங்க வீட்டு ரேடியோவுல இருக்கு" என்று இன்னொருத்தி எழுந்து போய்க் கொண்டுவந்தாள். ஆட்டம் தொடர்ந்தது. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் ரேடியோ பாடியிருக்காது, அவ்வளவுதான் நான் சாதித்தது.

பொங்கல் முடிந்த மறு வாரம், கடை வாசலில் ஒரு செருப்பு இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மாமா எங்கள் பெட்டியை எடுத்துப் பெரிய டிவியில் மாட்டினார்.

"செல்லு வேலை செஞ்சிருச்சுலே" என்றான் ஒரு கூட்டாளி.

கம்பெனி திறந்துவிட்டது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. விடிவதற்கு முன்னால் வேன் வந்து ஹாரன் அடித்து அத்தையையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு போகிற சத்தத்தில்தான் தெருவே எழுந்தது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அதே வேன் கடைக்கு எதிரில்தானே இறக்கிவிடுகிறது? ஆட ஆசை இருக்கிறவர்கள் அப்போது வரலாமே? நாங்களெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லையா? வரவில்லை என்றால் ஆட்டத்தில் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். இப்படித்தான் எங்கள் வாதம் போனது. பிடிப்பு இருக்கிற மூன்று பேர், ஒரு மணி நேரக் காசைக் கொடுத்துவிட்டு, பெரிய டிவி முன்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். கடை சித்திரை வரைக்கும் ஓடியது. வைகாசியில் மாமா பழையபடி பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம். வேன் வந்து நின்றது. அந்த நேரத்துக்கு மாமா தினமும் வெளியே வந்து நிற்பார். அன்றைக்கும் நின்றார். பொம்பளைகள் ஒவ்வொருத்தராக, விரல் நுனியெல்லாம் மருந்துத் தூள் வெள்ளியாக மினுங்க, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக அத்தை இறங்கி, நிற்க முடியாமல் கடை வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"என்ன தாயி, ஒரு ஆட்டம் போடலாமா?" என்று மாமா மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"கையத் தூக்க முடியலண்ணே. நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் நடந்தார்கள்.

உள்ளே நான் ஒருத்தனை உதைத்துப் பறக்கவிட்டிருந்தேன்.

"மாமா, பாத்தீகளா?" என்று கத்தினேன்.

"பாத்தேன்லே" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

கூட்டாளி என் காதில் சொன்னான்: "நம்ம இருக்கோம்னு உள்ள வரப் பயப்படுதாகலே."

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அத்தையின் தோள் அருகில்தான் கதவு. அவள் காதில் அது விழுந்திருக்கும். அவள் திரும்பி எங்களைப் பார்த்து, என்னமோ சொல்ல வாயெடுத்து, அப்புறம்...

"இந்தாங்க, எம்புட்டு நேரமாக் கூப்பிடுதேன்! தொட்டி நெறஞ்சு தண்ணி தெருவுல ஓடுது, மோட்டார அமத்துங்க!"

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். வர்றேன், வர்றேன்.