சாணிதானே

எருக்காரம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சாணிக்காரம்மா என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி போய்க்கொண்டே இருப்பாள். மாடு போடுவது சாணி. அதை வைக்கோலோடு அடுக்கி, ஆறு மாதம் வேகவிட்டு, நாலு தடவை புரட்டி, கையில் அள்ளினால் மழை பெய்த மண் வாசனை வரும்படி ஆக்கினால்தான் எரு. இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடு அவளுக்குப் பேச்சே கிடையாது.

பால்பண்ணைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த நீளமான கொட்டகை, அதுதான் அவள் இடம். குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி வைத்திருப்பாள். காலையில் உருவித் தொட்டுப் பார்ப்பாள். சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. ஆறியிருந்தால் புரட்ட வேண்டும். கடைசியில் மண்புழு தானாக வந்து குடியேறிவிட்டால் எரு தயார். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூணு வேளையும் இதைத்தான் சாப்பிடுறீங்க, கொஞ்சம் சுத்தி வருது, அவ்வளவுதான்" என்பாள், அவர்கள் காதில் விழும்படியாகவே.

இருபத்தாறு வருஷத்தில் ஒருவரும் அவள் எருவைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் தம்பி பொண்டாட்டி ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து நின்றபோது அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. செடியின் இலையெல்லாம் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு, நுனி கோழிக்கால் மாதிரி சுருண்டிருந்தது.

"அண்ணி, உங்க எரு போட்ட பாத்தியில மட்டும்தான் இப்படி ஆகுது. போடாத பாத்தி நல்லா இருக்கு."

"தண்ணி ஒழுங்கா விட்டிருக்க மாட்டே."

"ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான் அண்ணி."

"அப்போ நாத்து சொத்தை. உனக்கு வளர்க்கத் தெரியலன்னா என் எரு மேல பழி போடாதே."

கல்யாணமாகி வந்து பத்தொன்பது வருஷத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண். அன்றும் பேசவில்லை. செடியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சந்தைக்குக் கொண்டுபோக அவளுக்கு இருந்ததே அந்தத் தக்காளிதான்.

அவள் வாயை அடைப்பதற்கென்றே எருக்காரம்மா எட்டுத் தொட்டி எடுத்தாள். நாலில் வெறும் மண், நாலில் மண்ணோடு எரு, எட்டிலும் அவரை விதை. முளைத்ததும் அவள் வாசலில் வரிசையாக வைத்து, யாருக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று கேட்பதாகத் திட்டம்.

வெறும் மண்ணில் வந்த அவரை நிமிர்ந்து நின்றது. எரு போட்ட நாலும் மூன்றாவது இலையிலேயே முறுக்கிக்கொண்டன. வெயில் போதவில்லையோ என்று தொட்டிகளை இடம் மாற்றினாள். புது விதை போட்டாள். திரும்பவும் அதே முறுக்கல். அந்தக் குவியலிலிருந்து இன்னும் ஏழு தோட்டத்துக்கு எரு போயிருந்தது. அவள் எருவைச் சந்தேகப்படத் தோன்றாமல் அவர்களும் தங்கள் கைராசியை நொந்துகொண்டிருப்பார்கள்.

கம்பி சுட்டது, புழு வந்தது, வாசனை வந்தது. அவள் வேலையில் எதுவும் மாறவில்லை. மாறியது மாடு தின்றதுதான். இந்தக் குவியல் போட்ட சமயத்தில் பண்ணைக்கு வந்த உலர்புல் கட்டுகளில் மருந்துக்குக்கூட ஒரு களை கிடையாது. "இவ்வளவு சுத்தமான புல்லை நான் பார்த்ததே இல்லை" என்று மெச்சியவளே அவள்தான். இப்போது தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முறுக்கிய அவரைத் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பண்ணைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"இந்தப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிச்சிருக்காங்களா?"

"அடிக்காம எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வரும்?" என்றவர், மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு காகிதத்தை நீட்டினார். "கட்டோட இது வந்துச்சு."

தெளிவாகவே அச்சடித்திருந்தது. இந்தப் புல் தின்ற மாட்டின் சாணத்தைத் தக்காளிக்கும் அவரைக்கும் போடக்கூடாது. மருந்து புல்லை ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடிகளைத்தான் கெடுக்கும்; மாட்டின் வயிற்றையும் தாண்டி வரும், குவியலின் சூட்டுக்கும் அசையாது.

"இதை ஏன் என்கிட்ட காட்டல?"

"பாலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அப்புறம் என்ன, சாணிதானேம்மா."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு மாத உழைப்பும் எட்டு வீட்டுப் பாத்தியும் இழுப்பறைக்குள் மடங்கிக் கிடந்திருக்கின்றன. பாலென்றால் நூறு கேள்வி கேட்கிறவன், பின்பக்கம் விழுவதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அந்தப் பின்பக்கத்தை நம்பித்தான் பூமி முளைக்கிறது.

"இந்தப் புல் தீர்ற வரைக்கும் உங்க கொட்டகைப் பக்கம் வர மாட்டேன். புல்வெளியில கொட்டுங்க, புல்லுக்கு ஒண்ணும் ஆகாது."

"இருபது மாட்டுச் சாணியை யார் அள்ளுறது?"

"சாணிதானே" என்றாள். "அள்ளுங்க."

காகிதத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக எட்டு வீட்டுக்கும் புறப்பட்டாள். முதல் வீடு தம்பி வீடு. தொட்டியைப் பாத்தி ஓரத்தில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "தப்பு உன் பேர்ல இல்ல. என் எருவுலதான். நான்தான் திமிராப் பேசிட்டேன்."

தம்பி பொண்டாட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும் அண்ணி. சாணிதானே, நீங்க என்ன பண்ணுவீங்க."

பண்ணைக்காரர் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நீயும் அதைச் சொல்லாதே. உன் பாத்தி போச்சு. சந்தைக்குக் கொண்டுபோக உன்கிட்ட ஒரு பழம் இல்ல. திட்டு என்னை."

"நான் எப்படி அண்ணி..."

"திட்டுன்னா திட்டு."

தம்பி பொண்டாட்டி குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி வண்டியில் எறிந்தாள்.

"செடி வளர்க்கத் தெரியாதவன்னு சொன்னீங்களே. விதை போட்ட நாள்லேர்ந்து நான் இதுகளைக் குழந்தை மாதிரி பார்த்தேன். என்னைக்காவது நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கீங்களா? பத்தொன்பது வருஷம் அண்ணி."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. எருக்காரம்மா பாத்தியின் ஒரு முனையிலிருந்து மண்ணை வெட்டி வண்டியில் போட்டுக்கொண்டே, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.