முதுகு காட்டிய பொம்மைகள்

ஹதானோ டீச்சருக்கு வருஷம் மாதக் கணக்கில் நகராது, பண்டிகைக் கணக்கில்தான் நகரும். எங்கள் ஜப்பானில் பிப்ரவரி என்றால் பேய் விரட்டும் பண்டிகை; பேய் முகமூடி மாட்டிக்கொண்டு, பிள்ளைகளிடம் வறுத்த சோயா பீன்ஸால் எறி வாங்குவார். மார்ச்சில் பெண் பிள்ளைகளுக்கான பொம்மைப் படி. மே மாதம் பையன்களுக்காகக் கம்பத்தில் பறக்கவிடும் காகித மீன். நவம்பரில் குழந்தைகள் கோயிலுக்குப் போகும்போது கொடுக்கிற நீள மிட்டாய்க்குப் பை ஒட்ட வேண்டும். மீன் எதற்கு வானத்தில் பறக்கிறது என்று வருஷா வருஷம் ஒரு பிள்ளை கேட்கும். முதல்முறை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வார். அந்த மழலையர் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி நான். அடுப்படியில் நின்று கேட்கிற எனக்கே புளித்துவிட்டது.

அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது அடுப்படிக்கு வந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி, குடிக்கவும் மறந்து உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டுத் தொலையுங்களேன் என்று நான் திட்டுவேன். வர்ற வருஷம் பார்க்கலாம் என்பார். அந்த வர்ற வருஷம் வந்தபாடில்லை.

பொம்மைப் படியில் ஒரு விஷயம் உண்டு. பண்டிகை முடிந்ததும் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வைக்காமல் இழுத்தடித்தால் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பார்கள். டீச்சர் ஐம்பதை நெருங்குகிறார், கல்யாணம் ஆகவில்லை. அவர் அம்மா பொம்மைகளை எடுத்து வைக்க மறந்திருப்பாள் என்று வாசலில் நிற்கும் தாய்மார்கள் கமுக்கமாகச் சிரிப்பார்கள். உண்மையில் அந்த வீட்டில் பொம்மையே கிடையாது. அப்பா மீன்பிடிப் படகில் கூலி, பெற்றது மூன்றும் பெண். வாங்காத பொம்மையை எந்தப் பெட்டிக்குள் வைப்பது? இதைச் சொல்லி அந்தப் பெண்களின் வாயை அடைக்கச் சொன்னால், அதற்கும் தெம்பு இல்லை என்பார்.

அந்த வருஷம் பெரிய வகுப்பில் சுமிரே என்று ஒரு பெண். ராஜா பொம்மைக்கும் ராணி பொம்மைக்கும் நடுவே காகிதத்தில் செய்த பீச் மலர்க் கிளையை வைப்பது அவள் வேலை என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். பிள்ளை அதற்காகவே நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். படி கட்டுவதற்குள் சிறுநீரகக் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஏப்ரலில் பெரிய பள்ளிக்கூடம் போய்விடுவாள், அடுத்த வருஷம் இங்கே இருக்க மாட்டாள். டீச்சர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர், நீ வரும்வரை பொம்மைகள் படியிலேயே இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஊர் வாய்க்கு யாரு பதில் சொல்றது? உங்களுக்கு இருக்கிற வலி பத்தாதா?"

"அந்தப் பிள்ள முகத்தப் பாத்திருந்தா நீங்களும் சொல்லியிருப்பீங்க," என்றார்.

முதலில் மழை காப்பாற்றியது. எங்கள் ஒவாசே ஊரில் மழைக்கா பஞ்சம்? ஈரத்தில் பெட்டிக்குள் வைத்தால் பட்டுத்துணி பூசணம் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் வெயில் வந்தது, நாள் கணக்கில் அடித்தது. சாயங்காலம் மகளை அழைத்துப்போக வந்த ஒகாபே வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், உங்களுக்குக் கவலையில்லாம இருக்கலாம். எங்க வீட்டுல பொண்ணு இருக்கு."

டீச்சர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கையில் இருந்த கரண்டியால் ஒன்று போடலாம் போலிருந்தது. அன்று எல்லோரும் போனபின் பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். எடுத்து வைக்க முடியாதவர்கள் செய்வதுதான் அது. முகம் திரும்பிவிட்டால் பொம்மைகள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஒகாபே எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். வாக்கும் காப்பாற்றப்பட்டது, ஊர் வாயும் அடங்கியது என்று நான்கூட நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சாயங்காலம் சுமிரேயை அவள் அம்மா கூட்டி வந்தாள். மருந்தின் வேகத்தில் பிள்ளையின் முகம் ஊதிப்போய், கண்கள் இடுங்கியிருந்தன. மூக்குவரை மாஸ்க். என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். டீச்சர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அந்த அவசரத்தில், பொம்மைகளைத் திருப்பி வைத்திருப்பது எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை.

சுமிரே படியின் முன்னால் நின்றாள். படி நிறைய வெறும் முதுகுகள்.

"டீச்சர், என் மூஞ்சி இப்படி ஆயிட்டதாலதான் என்னைப் பாக்க மாட்டேங்குதா?"

கதவருகே மகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒகாபே நிமிர்ந்து பார்த்தாள்.

டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"இல்லடா கண்ணு. அதுங்க மேல தப்பில்ல. நான்தான் திருப்பி வெச்சேன். மத்தவங்க பேச்சுக்குப் பயந்து வெச்சேன்."

எழுந்து மேல்படியிலிருந்து ஆரம்பித்தார். ராஜா, ராணி, சேடிப் பெண்கள். கீழ்ப்படிக்குக் குனிய முடியாமல் படியைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடுவதற்குள் ஒகாபே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மண்டியிட்டு, வாத்தியக்காரப் பொம்மைகளைத் திருப்ப ஆரம்பித்தாள். யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

டீச்சர் எடுத்து வைத்திருந்த காகிதக் கிளையைக் கொடுத்து, முக்காலி போட்டு ஏற்றிவிட்டார். சுமிரே கிளையை நடுவில் வைத்தாள். இறங்காமல் ராணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, தன் முகத்தை அதற்குக் காட்டினாள்.